சாட்சிக்குத் துணை நிற்பது

வியாபாரிகளாகிய நமக்கு சூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம் நன்கு பழக்கமானது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்க வேண்டும், சாட்சிகளை ஏற்படுத்திக் கொள்ள வேண்டும், சாட்சிகள் அழைக்கப்பட்டால் மறுக்கலாகாது என்பவற்றை அதிலிருந்தே படிக்கிறோம். அதே வசனத்தின் பிற்பகுதியில், எழுதியவருக்கும் சாட்சிக்கும் துன்பம் நேரலாகாது என்ற கட்டளையும் இருக்கிறது. முற்பகுதி சாட்சியின் கடமை. பிற்பகுதி யாருடைய கடமை? சாட்சியைச் சுற்றியிருக்கும் நம் எல்லோருடைய கடமையுமாகும். இந்தப் பாடம் அந்தப் பிற்பகுதியைப் பற்றியது.

சாட்சி ஏன் வருவதில்லை?

சுங்கை சிப்புட், செம்மோர் பக்கத்துப் பழைய தோட்டங்களில் பிறந்த ஒரு தாயை நினைத்துக் கொள்ளுங்கள். லயம் போய்விட்டது, இப்போது மலிவு விலை வீட்டில் இருக்கிறார். அவருடைய மகளுக்கு ஒரு கொடுமை நேர்ந்து, வழக்கு ஈப்போ செசன்ஸ் கோர்ட்டுக்கு வருகிறது. சப்பினா மலாயில் இருக்கிறது. தோட்டத்தில் இருந்த காலத்தில் கடிதம் படித்துச் சொல்லக் கிராணியாரோ, சங்கத் தலைவரோ பக்கத்தில் இருந்தார். இன்று அக்கம்பக்கத்தார் புதியவர்கள். கோர்ட்டுக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். வழக்கு ஒத்திவைக்கப்பட்டால் மறுபடியும் போகும். அங்கே தாழ்வாரத்தில் எதிரியின் உறவினர்கள் நின்று கொண்டிருப்பார்கள். போதாக்குறைக்கு, “பெண் பிள்ளை விஷயம், பேசி முடித்துக் கொள்ளுங்கள்” என்று பெரியவர்கள் சிலர் வீடு தேடி வருவார்கள்.

இத்தனையும் சேர்ந்தால் அந்தத் தாய் வராமற் போவதில் என்ன வியப்பு? ஆனால் முக்கியமான சாட்சி வராவிட்டால் வழக்கு நடவாது. எதிரியைத் தற்காலிகமாக விடுவிக்கும் உத்தரவைக் கோர்ட்டு பிறப்பிக்கலாம். அது முழு விடுதலை அன்று. பின்னர் வழக்கை மீண்டும் தொடுக்க இடமுண்டு. ஆயினும் காலம் செல்லச் செல்ல ஞாபகம் மங்கும், சாட்சி ஊர் மாறிவிடுவார்.

பிற இடங்களில் செய்தது

இங்கிலாந்தில் 1974-ல் பிரிஸ்டல் நகரில் ஒரு சிறு தொண்டர் கூட்டம், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களை வீடு தேடிச் சென்று விசாரிக்கத் தொடங்கியது. அதுவே ‘விக்டிம் சப்போர்ட்’ என்ற அமைப்பாக வளர்ந்தது. 1990-களில் அதன் தொண்டர்கள் கிரௌன் கோர்ட்டுகளில் சாட்சிகளுடன் அமர்ந்து துணை நின்றார்கள். 2015-ல் அந்தப் பணி ‘சிட்டிசன்ஸ் அட்வைஸ்’ கைக்கு மாறியது. 1985-ல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையும், பாதிக்கப்பட்டவர்களுக்கு வழக்கு முழுவதிலும் உதவி கிடைக்க வேண்டும் என்று பிரகடனம் செய்தது.

நம் அண்டை மாநிலமான பினாங்கில் 1985-ல் தோன்றிய பெண்கள் நல அமைப்பொன்று, இன்று ‘வுமன்ஸ் சென்டர் ஃபார் சேஞ்ச்’ என்ற பெயரில் இயங்குகிறது. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கோர்ட்டு வரை துணை நிற்கிறது. இந்தியாவில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் கீழ், குழந்தைக்கு வழக்கு முடியும்வரை துணையாள் ஒருவரை நியமிக்கும் ஏற்பாடு உண்டு. ஆக, இது பெரும் பணமோ பட்டமோ வேண்டிய காரியம் அன்று.

நம் நாட்டுச் சட்டம் தருவது

முதலாவது: போலீசார் எடுக்கும் வாக்குமூலத்தைச் சாட்சி சொன்ன மொழியிலேயே படித்துக் காட்டி, திருத்தம் செய்ய இடம் கொடுத்து, அதன் பின்பே கையெழுத்து வாங்க வேண்டும். இது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 112-ஆம் பிரிவு.

இரண்டாவது: மலாய் தெரியாத சாட்சி தமிழில் பேசலாம், மொழிபெயர்ப்பாளர் இருப்பார். தெரியாத மொழியில் தட்டுத்தடுமாறிப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது: 1950-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், அவமதிப்பதற்கென்றே கேட்கப்படும் கேள்விகளைத் தடுக்க நீதிபதிக்கு அதிகாரம் அளிக்கிறது.

நான்காவது: 2007-ஆம் ஆண்டின் குழந்தைச் சாட்சிகள் சட்டப்படி, குழந்தை திரைக்குப் பின்னாலிருந்தோ, வேறு அறையிலிருந்து நேரடி ஒளிபரப்பு மூலமோ சாட்சி சொல்லலாம். பெரியவர் ஒருவர் உடன் இருக்கலாம்.

ஐந்தாவது: உயிருக்கே ஆபத்துள்ள சாட்சிக்கென 2009-ஆம் ஆண்டின் சாட்சிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம். உடனே போலீசில் ரிப்போர்ட் செய்ய வேண்டும்.

சட்டம் இவ்வளவு இருந்தும், அதை அந்தத் தாயின் காதில் போட ஆள் இல்லாவிட்டால் அது ஏட்டில்தான் இருக்கும்.

துணை நிற்பவர் செய்ய வேண்டியவை

சப்பினாவைப் படித்து, தேதி, நேரம், கோர்ட்டு அறை எண் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். முடிந்தால் முன்னொரு நாள் அழைத்துச் சென்று கட்டடத்தைக் காட்ட வேண்டும். நீதிபதி எங்கே, சாட்சிக் கூண்டு எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் தீரும். அன்றைய தினம் வாகனமும் சாப்பாடும் பார்த்துக் கொள்ள வேண்டும். எதிரியின் ஆட்கள் நெருங்காதபடி பக்கத்தில் அமர வேண்டும். தொந்தரவு ஏற்பட்டால் வழக்கை நடத்தும் போலீஸ் அதிகாரியிடமோ, அரசாங்கத் தரப்பு வழக்கறிஞரிடமோ சொல்ல வேண்டும். சாட்சி பெண்ணாகவோ குழந்தையாகவோ இருந்தால் துணைக்குப் பெண்களே செல்வது சிறப்பு.

செய்யக் கூடாதது

இது முக்கியமான பகுதி. சாட்சி சொல்லப்போகும் விஷயத்தைப் பற்றித் துணை நிற்பவர் பேசவே கூடாது. “இப்படிச் சொல், அப்படிச் சொல்லாதே” என்று ஒரு வார்த்தை சொன்னாலும் வழக்கு பாழாகிவிடும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், “இதை உனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?” என்று கேட்பார், சாட்சி நம்மைக் காட்டுவார், உண்மையும் பொய்போல் ஆகிவிடும். உள்ளே மற்றவர் சொன்ன சாட்சியத்தை வெளியே காத்திருப்பவருக்குச் சொல்வதும் அத்தகைய தவறே. தெரிந்து பொய்ச் சாட்சி சொல்வதற்கு ஏழாண்டு வரை சிறையுண்டு என்பதையும் நினைவிற் கொள்க.

எதிரியைத் தண்டிக்க வைப்பதும் நம் வேலை அன்று. அவர் நிரபராதியாகவும் இருக்கலாம். அவருக்கும் ஹக்கு உண்டு. சாட்சி கண்டதும் கேட்டதும் கூடாமல் குறையாமல் நீதிபதியின் காதுக்குப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவே நம் நிய்யத். நமக்கோ நம் பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருப்பினும் நீதியில் நிலைத்திருக்கும்படி சூரத்துன்னிஸாவின் 135-ஆம் வசனம் பணிப்பதை அறிவோம். ஆகையால் எதிரி நம் வாடிக்கைக்காரராயினும் சொந்தக்காரராயினும், “பேசி முடித்துக் கொள்ளுங்கள்” என்று சாட்சியின் வீட்டுக்குத் தூது போவது நமக்குத் தகாது.

கடை முதலாளிகள் செய்யக் கூடியவை

கடைச் சிப்பந்திக்குச் சப்பினா வந்தால், அன்றைய சம்பளத்தைப் பிடிக்காமல் அனுப்புங்கள். ஒத்திவைத்தால் அடுத்த தேதிக்கும் அவ்வாறே செய்யுங்கள். கல்லாப்பெட்டியில் ஒரு நாட் கூலி பெரிதாகத் தெரியலாம். நம் கடையில் திருட்டு நடந்து, பக்கத்துக் கடைப் பையன் சாட்சிக்கு வர மறுத்தால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் பார்த்தால் விளங்கும். கடைக் கேமராவில் குற்றம் பதிவாகியிருந்தால், அது அழிந்துபோகுமுன் பிரதி எடுத்துப் போலீசாரிடம் ஒப்படையுங்கள். வண்டி வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கலாம். மலாய் நன்கறிந்த நம் பிள்ளைகள் கடிதங்களைப் படித்துச் சொல்லலாம்.

வீட்டு வன்முறை வழக்குகளில் அனுபவமுள்ள ‘பேராக் வுமன் ஃபார் வுமன் சொசைட்டி’ ஈப்போவில் இருக்கிறது. சமூகநல இலாகாவும் இருக்கிறது. அவர்களிடம் கேட்டுப் பயின்று தொடங்குவது நலம். அவசர உதவிக்கு ‘தாலியான் காசே’ தொலைபேசி எண் 15999.

சாட்சியம் ஓர் அமானத். அதைச் சுமந்து வருபவர் பெரும்பாலும் ஏழை, பெண், குழந்தை. சுமை அவருடையதுதான்; அதை நாம் வாங்கிக் கொள்ள முடியாது. வழியில் அவர் தனியாக நடவாதபடி செய்ய முடியும். நம் ஊரில் அடுத்த சப்பினா யார் வீட்டுக்கு வந்தாலும், அந்த வீட்டுக் கதவைத் தட்டி, “நான் கூட வருகிறேன்” என்று சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.