அம்மாவைப் போல ஒருத்தி

கேள்வி: எனக்கு 33 வயது. கிள்ளானில் வீடு, பிரிக்பீல்ட்ஸில் வேலை. பார்க்கிற பெண்களையெல்லாம் ஏதாவது குறை சொல்லித் தட்டிக் கழிக்கிறேன். “உனக்கு அம்மா மாதிரியே வேணும்” என்கிறாள் தங்கை. பிராய்டு சொன்ன சிக்கல் இதுதானா?
– வாசகர், கிள்ளான்

பதில்: தங்கை பிராய்டைப் படிக்காமலே பாதியைச் சொல்லிவிட்டார். நம்மை முதலில் தூக்கி, ஊட்டி, முகம் பார்த்துச் சிரித்தவரிடம்தான் அன்பின் ருசியைப் பழகுகிறோம். பிற்கால ஆசைகள் அந்த ருசியைத் தேடுவதில் நோய் ஒன்றுமில்லை.

மறுபாதி, மகன் தாய்மேல் ஆசைகொண்டு தந்தையைப் போட்டியாளராகப் பார்க்கிறான் என்பது. ஆனால் பிராய்டு வியன்னாவில் தைத்த இந்தச் சட்டை நமக்கு அப்படியே பொருந்துமா? 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், அப்படியே பொருந்தாது என்று பிராய்டிடமே கடிதத்தில் வாதாடினார். நாட்டார் கதைகளை ஆராய்ந்த ஏ.கே. ராமானுஜன் இன்னொன்றைக் கவனித்தார்: பிராய்டு எடுத்துக்கொண்ட கிரேக்கக் கதையில் மகன் தந்தையைக் கொல்கிறான், நம் கதைகளில் பெரும்பாலும் மகனே விட்டுக்கொடுக்கிறான். தந்தை யயாதிக்குத் தன் இளமையைக் கொடுத்தான் பூரு. தந்தையின் காதலுக்காகத் திருமணத்தையே துறந்தார் பீஷ்மர். (உங்கள் கடிதத்தில் அப்பா ஒரு வரியில்கூட இல்லையே, ஏன்?)

என் சந்தேகம் வேறு. குறை கண்டுபிடிப்பது உங்கள் கண்ணா, அம்மா தனியாகிவிடுவாரே என்ற பயமா? கொமுட்டர் ரயில் பிடிக்க ஓடும் காலையில் “பசியாறிட்டியா?” என்று அவர் கேட்பதில் அக்கறை இருக்கிறது. ‘என்னை விட்டுப் போய்விடாதே’யும் இருக்கலாம். அவரிடமே பேசிப் பாருங்கள். தொண்டை அடைத்தால் ஓர் ஆலோசகரிடம் போங்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசியாவில் ஆலோசகர்கள் பதிவு செய்திருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பெண் பார்க்கும் நாளுக்கு முன்பே போங்கள்.