உப்பளமும் கரைசலின் செறிவும்

செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில் கோவளம், கேளம்பாக்கம், செய்யூர் ஆகிய பகுதிகளில் உப்பளங்கள் உள்ளன. மாமல்லபுரத்திற்கு வடக்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இயங்குகின்றன. ஓரிடத்தில் நீரைப் போக்கி உப்பைப் பெறுகின்றனர். மற்றோரிடத்தில் உப்பை நீக்கி நீரைப் பெறுகின்றனர். ஆயினும் இரண்டிடத்திலும் எழும் வினா ஒன்றே: இந்நீரில் எவ்வளவு உப்புக் கரைந்துள்ளது?

கடல்நீர் ஒரு கரைசல். நீர் கரைப்பான், அதிலுள்ள உப்புகள் கரைபொருள்கள். குறிப்பிட்ட அளவு கரைசலிலோ கரைப்பானிலோ அடங்கியுள்ள கரைபொருளின் அளவு செறிவு எனப்படும். ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன; அதாவது நிறைச் சதவீதம் 3.5. இவற்றுள் சோடியம் குளோரைடு மட்டும் சுமார் 27 கிராம். அதன் மோலார் நிறை 58.5 கிராம் ஆதலால், இது 0.46 மோல். கடல்நீரின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.025 கிராம், எனவே ஒரு லிட்டரில் 0.47 மோல் இருக்கும். லிட்டர் கரைசலுக்குரிய இந்த மோல் எண்ணிக்கையே மோலாரிட்டி.

உப்பளத்தில் தராசு வைத்து இக்கணக்கைச் செய்வதில்லை. அங்கே பயன்படுவது பாமே நீர்மமானி. பிரெஞ்சு மருந்தாளுநர் அந்துவான் பாமே 1768-இல் வகுத்த அளவீடு அது. கரைசலின் செறிவு கூடினால் அடர்த்தி கூடும். மானி உயர்ந்து மிதக்கும். கடல்நீரில் அது சுமார் 3.5 டிகிரி காட்டும். வெயிலில் நீர் ஆவியாக ஆக, முதலில் கால்சியம் கார்பனேட்டும் அடுத்து ஜிப்சமும் படிகின்றன. சுமார் 25 டிகிரியில், ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீர் போன பின்னர், கரைசல் தெவிட்டிய நிலையை அடைகிறது. சோடியம் குளோரைடு படிகமாகத் தொடங்குகிறது. 29 டிகிரியை நெருங்கும்போது எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். தாமதித்தால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து படியும். உப்பு கசக்கும், காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கசியும், விலையும் குறையும். ஒரு பருவ உழைப்பின் பயன் இந்தச் சில டிகிரிகளுக்குள் அடங்கியிருக்கிறது. இடையே மழை பெய்தால் கரைசல் நீர்த்துப்போகும். மீண்டும் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

25 செல்சியஸ் வெப்பநிலையில் 100 கிராம் நீர் சுமார் 36 கிராம் சோடியம் குளோரைடைக் கரைக்கும். ஒரு கிலோகிராம் கரைப்பானுக்கு 6.15 மோல் என்பது இதன் மோலாலிட்டி. இதே கரைசலின் மோலாரிட்டியோ சுமார் 5.4 மட்டுமே. நீர்த்த கரைசலில் கண்ணுக்குப் புலப்படாத இவ்வேறுபாடு செறிந்த கரைசலில் பெரிதாகிறது. வெப்பத்தால் கனஅளவு மாறுவதால் மோலாரிட்டி மாறும். நிறையைச் சார்ந்த மோலாலிட்டி மாறாது.

நெம்மேலியில் 2013-இல் நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் திறனுள்ள நிலையமும், 2024-இல் 15 கோடி லிட்டர் திறனுள்ள மற்றொன்றும் திறக்கப்பட்டன. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில், சவ்வூடு பரவல் அழுத்தத்தைவிட மிகுந்த அழுத்தம் தந்து நீரைச் சவ்வின் வழியே செலுத்துகின்றனர். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீராதாரம் இல்லாதபோது 2000 வரை ஏற்கலாம். கடல்நீரிலோ ஏறத்தாழ 36,000 மில்லிகிராம்!

நீக்கிய உப்பு எங்கே செல்கிறது? 100 கிலோகிராம் கடல்நீரிலிருந்து 40 கிலோகிராம் நன்னீர் எடுப்பதாகக் கொள்வோம். 3.5 கிலோகிராம் உப்பு முழுவதும் எஞ்சிய 60 கிலோகிராமில் தங்கும். அதன் நிறைச் சதவீதம் 5.8. இவ்வுவர்நீர் கடலுக்கே திரும்புகிறது. அக்கரையோர மீனவர்கள் இது குறித்துக் கேள்வி எழுப்பியுள்ளனர். அடர்த்தி மிகுந்த இந்நீர் விரைந்து கலக்காவிடில் கடலடியில் தங்கும் என்பதால் அக்கேள்வியை எளிதில் ஒதுக்க இயலாது. இவ்வுவர்நீர் ஒரு கிலோகிராமின் நிறைச் சதவீதத்தை 3.6 ஆகக் குறைக்க எத்தனை கிலோகிராம் கடல்நீர் கலக்க வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடுக.