சாரல் காலத்தில் மங்கும் சுடர்

கேள்வி: எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறேன். புராஜெக்டுக்காக அலுமினியம் நைட்ரேட்டையும் யூரியாவையும் கரைத்து, உலையில் எரித்து அலுமினா நானோ பொடி எடுக்கிறேன். ஏப்ரலில் பளீரென்று எரிந்து வெள்ளை நுரையாக வந்தது. சாரல் தொடங்கியபின் அதே எடையில் செய்தாலும் சுடர் மங்கி, பொடி சாம்பல் நிறமாகிறது. யூரியாவுக்குப் பதில் இலைச்சாறு சேர்க்கலாமா?
– ஒரு மாணவி, தென்காசி

பதில்: இலைச்சாறு இருக்கட்டும். முதலில் நைட்ரேட் பாட்டிலைக் கவனியுங்கள்.

நீங்கள் செய்யும் இந்த எரிப்பு முறையை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கிங்ஸ்லியும் கே.சி. பாட்டீலும் 1988இல் வெளியிட்டார்கள். 500 டிகிரி உலையில் ஐந்தே நிமிடத்துக்குள் ஆல்ஃபா அலுமினா! சுடரின் சூடு 1,000 டிகிரியை வெகுவாகத் தாண்டுவதால்தான் அது முடிகிறது. அளவுகள் ராக்கெட் எரிபொருள் கணக்கிலிருந்து வந்தவை. நைட்ரேட்டின் ஆக்சிஜனேற்றும் மதிப்பு 15, யூரியாவின் ஒடுக்கும் மதிப்பு 6. ஆகவே ஒரு மோலுக்கு 2.5 மோல் யூரியா. அதாவது 20 கிராமுக்கு 8 கிராம்.

அலுமினியம் நைட்ரேட் ஈரத்தை உறிஞ்சும் உப்பு. குற்றாலச் சாரலில் பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் நீர் ஏறும். நீங்கள் நிறுக்கும் 20 கிராமில் ஒரு பகுதி வெறும் தண்ணீர். தண்ணீர் கொதித்துப் போய்விடும், அதனால் தொல்லையில்லை. நைட்ரேட் குறைவதால் யூரியா மிஞ்சி, கரி தங்குகிறது. உங்கள் சாம்பல் நிறத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அதே பாட்டிலில் 10 கிராம் எடுத்து, குரூசிபிளில் மெல்லச் சூடேற்றி, பிறகு 1,000 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை வையுங்கள். சரியான உப்பென்றால் 1.36 கிராம் அலுமினா நிற்கும். 1.20 தான் நின்றால், 20 கிராமுக்குப் பதில் 22.7 கிராம் எடுக்க வேண்டும். இந்த ஒரு சோதனையை ஆய்வேட்டில் எழுதினாலே உங்கள் வேலைக்கு மதிப்பு கூடும்.

இலைச்சாறு எனக்குச் சம்மதமில்லை. அதில் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு அமிலம் என்பது மழைக்கும் வெயிலுக்கும் மாறும். ஒடுக்கும் மதிப்பை எப்படிக் கணக்கிடுவீர்கள்? இலையின் பொட்டாசியமும் கால்சியமும் பொடியிலேயே தங்கிவிடும்.

'நானோ' என்று எழுதுமுன் இன்னொன்று. எக்ஸ்-கதிர் கோட்டகலத்திலிருந்து ஷெரர் சமன்பாடு தருவது படிக அளவு, துகள் அளவல்ல. யூரியாச் சுடரின் சூட்டில் படிகங்கள் ஒட்டிக்கொள்ளும். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படமும் எடுத்துவிடுங்கள்.

எரியும்போது அம்மோனியாவும் பழுப்பு நைட்ரஜன் டை ஆக்சைடும் வரும். புகை வெளியேற்றி ஓடாமல் உலையைத் திறக்காதீர்கள். கிண்ணத்தில் கால்பங்குக்கு மேல் கரைசல் வேண்டாம். நுரை பொங்கி உலையின் கம்பிச்சுருளைத் தொட்டுவிடும்.