ஊர் வேற்றுமையும் வோட்டு வேற்றுமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னர், ஒவ்வொரு கட்சிக்கும் அபேட்சகர் இன்னார் எனத் துணிதற்பொருட்டு மாகாணங்கள் பலவற்றில் நிகழும் தேர்தலை முதனிலைத் தேர்தல் என்பர். இதனை ஏனைய மாகாணங்களுக்கு முன்னர் நடத்தும் உரிமையை 1920 முதல் நெடுங்காலம் போற்றி வந்தது நியூ ஹாம்ப்ஷயர் என்னும் சிறு மாகாணம். அங்கு 2008ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் நிகழ்ந்த டெமாக்ரடிக் கட்சித் தேர்தலில் எழுந்த ஐயமொன்றை ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கம்.

பாரக் ஒபாமாவே வெல்வார் என முன்கணிப்புகள் கூறியிருந்தன. வென்றவரோ ஹில்லரி கிளிண்டன் அம்மையார். அவர் நூற்றுக்கு ஏறத்தாழ 39 வோட்டுகளும், ஒபாமா 36க்குச் சற்று மிகுதியாகவும் பெற்றனர். ஊர்வாரியான கணக்கைப் புரட்டிய சிலர் ஒன்றைக் கண்டு திடுக்கிட்டனர். சீட்டுகளைக் கையால் எண்ணிய ஊர்களில் ஒபாமாவும், இயந்திரத்தால் எண்ணிய ஊர்களில் கிளிண்டன் அம்மையாரும் மேம்பட்டு நின்றனர். மாகாணத்து வோட்டுகளில் ஐந்தில் நான்கு பங்களவு இயந்திரத்தால் எண்ணப்பட்டவை. ஆதலின், இயந்திரம் பொய்த்ததோ என்னும் ஐயம் விரைந்து பரவிற்று. ஐயம் சிறிதன்று, எண்ணிக்கையில் நம்பிக்கை ஒழியின் தேர்தலுக்குப் பொருளேது?

ஆயினும், எவ்வூர் கையால் எண்ணும், எவ்வூர் இயந்திரத்தால் எண்ணும் என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும். டிக்ஸ்வில் நாட்ச் என்னும் மலைச் சிற்றூரில் நள்ளிரவிலேயே வோட்டளித்து முடித்துவிடுவர். அவ்வாண்டு அக்கட்சிக்கு அங்கு விழுந்தவை பத்தே வோட்டுகள். ஒபாமாவுக்கு 7, எட்வர்ட்ஸுக்கு 2, ரிச்சர்ட்ஸனுக்கு 1. கிளிண்டன் அம்மையாருக்கு ஒன்றுமில்லை. பத்துச் சீட்டுகளை எண்ண இயந்திரம் எதற்கு? சிற்றூர்களே பெரும்பாலும் கையால் எண்ணுவன. மெர்ரிமாக் ஆற்றங்கரையிலுள்ள மான்செஸ்டர், நாஷுவா போன்ற பெருநகரங்களோ இயந்திரத்தை நாடுவன. மான்செஸ்டர் முன்னாளில் அமாஸ்கெக் பஞ்சாலைகளால் ஓங்கியது. கனடாவினின்று வந்த பிரெஞ்சு மொழியினர் பல்லாயிரவர் அவ்வாலைகளில் உழைத்தனர். 1930களின் நடுவில் ஆலைகள் மூடப்பட்டும், அது உழைப்பாளர் மிகுந்த நகரமாகவே நின்றது. உழைப்பாளரும் மாதரும் கிளிண்டன் அம்மையாரை மிகுதியாக ஆதரித்தனர். இளைஞரும் உயர்கல்வி பெற்றோரும் ஒபாமாவின்பாற் சாய்ந்தனர். டார்ட்மத் கல்லூரி அமைந்த ஹானோவரும், கனெக்டிகட் ஆற்றோரத்து மேற்கெல்லைச் சிற்றூர்கள் பலவும் ஒபாமாவின் பக்கம் நின்றதில் வியப்பில்லை. ஆகவே இயந்திரம் இருந்த ஊரும் இல்லாத ஊரும் இயல்பிலேயே வேறுபட்டவை.

நம் கல்லூரி வாழ்க்கையினின்று ஓர் உவமை கூறுவேன். ஆனர்ஸ் வகுப்பின் விடைத்தாள்களை ஒருவரும், புதுமுக வகுப்பின் விடைத்தாள்களை மற்றொருவரும் திருத்துகின்றனர் என்க. இரு வகுப்பின் சராசரி மதிப்பெண்களும் வேறுபடின், திருத்தியவர் கோடினார் என்று கூறலாகுமோ? ஒத்த தகுதியுடையோர் தாள்களை இருவரிடமும் தந்தன்றோ நோக்கவேண்டும்! ஹெரன், மெபேன், வாண்ட் என்னும் அறிஞர் மூவர் இம்முறையையே கையாண்டனர். குடிமக்களின் இயல்பிலும் முந்திய தேர்தல்களின் போக்கிலும் ஒத்த ஊர்களை இணையிணையாக எடுத்து, எண்ணும் முறையில் மட்டும் வேறுபட்டவற்றை ஒப்புநோக்கினர். அங்ஙனம் நோக்கியவிடத்து, இயந்திரத்தின்மேல் ஏற்றத்தக்க வேற்றுமை புலப்படவில்லை.

இவ்வாராய்ச்சி நுட்பமுடையதே. எனினும், ஐயுற்ற குடிமகன் ஒருவனைக் கணித நுட்பம் மட்டும் தெளிவிக்கும் என்று நான் கருதவில்லை. தெளிவிக்கத்தக்கது வேறொன்று அங்கிருந்தது. அவ்வியந்திரம் குடிமக்கள் தம் கையால் குறியிட்ட காகிதச் சீட்டையே படித்து எண்ணுவதாகலின், எண்ணியபின்னும் சீட்டு அழியாது நிற்கும். 2004ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலின் பின்னர் ரால்ப் நேடர் வேண்டியவாறு இம்மாகாணத்தில் பதினொரு தொகுதிகளின் சீட்டுகளை மீண்டும் எண்ணியபோதும் இயந்திரக் கணக்குப் பிழைபடவில்லை. 2008இலோ, நூற்றுக்கு இரண்டு வோட்டும் பெறாத டென்னிஸ் குஸினிச் என்னும் அபேட்சகர், தாம் வெல்லப்போவதில்லை என்று அறிந்தும், செலவை ஏற்று மறு எண்ணிக்கை கோரினார். மாகாணம் முழுவதும் அது நடைபெறவில்லை. எண்ணிய ஊர்களில் சிற்சில சீட்டுகள் கூடியும் குறைந்தும் காணப்பட்டனவேயன்றி, முடிபை மாற்றத்தக்கது யாதும் வெளிப்படவில்லை.