தீயணைப்பான் தயாராக இருக்கிறதா?

வீட்டிலும் காரிலும் வைத்திருக்கும் தீயணைப்பான் ஆண்டுக்கணக்கில் சும்மாவே இருக்கும். ஆனால், தேவைப்படும் அந்த ஒரு நாளில் கைவிடக் கூடாது. மாதத்துக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினால் போதும்.

1. ஏபிசி பவுடர் வகையில், கைப்பிடிக்குக் கீழே சின்ன பிரஷர் மீட்டர் இருக்கும். முள் பச்சையில் நிற்க வேண்டும். மீட்டரை விரலால் லேசாகத் தட்டுங்கள். சிக்கியிருந்த முள் சரிந்தால் உண்மை தெரிந்துவிடும்.

2. கார்பன் டை ஆக்சைடு வகையில் பொதுவாக மீட்டர் இருக்காது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். சிலிண்டரில் பொறித்திருக்கும் எடையோடு ஒப்பிடுங்கள். வாயுவில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தாலே, அதாவது 2 கிலோவில் 200 கிராம் போயிருந்தாலே, ரீஃபில் செய்ய வேண்டும்.

3. பின்னும் அதைக் கட்டியிருக்கும் சீலும் அப்படியே இருக்கின்றனவா? சீல் அறுந்திருந்தால், யாரோ அழுத்திப் பார்த்திருக்கலாம். உடனே சர்வீசுக்குக் கொடுங்கள்.

4. நாள்பட்டால் பவுடர் அடியில் இறுகிவிடும். கார் அதிர்விலும் அப்படித்தான். மீட்டர் உள்ள பவுடர் வகையை, பின்னைக் கழற்றாமல் தலைகீழாகப் பிடித்து, அடியில் உள்ளங்கையால் தட்டுங்கள். உள்ளே பவுடர் சரிந்து இறங்குவது கைக்கே தெரியும்.

5. ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா, நாசிலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

6. தரையில் வைத்தால், வீடு துடைக்கும் ஈரம் பட்டு அடிப்பாகம் துருப்பிடிக்கும். சுவரில் மாட்டுங்கள். துருவின் மேல் பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். அழுத்தம் தாங்காமல் சிலிண்டர் வெடிக்கக்கூடும்.

7. அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். தீயைத் தாண்டி எடுக்க முடியாது. சமையலறை வாசலருகே, கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். காரில் டிக்கியில் உருளவிடாமல் பட்டை போட்டுக் கட்டுங்கள்.

8. ஒரு நொடி அடித்திருந்தாலும் ரீஃபில் கட்டாயம். வால்வில் ஒட்டிய பவுடர் அதை முழுசாக மூடவிடாது. அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும்.

9. ஆண்டுக்கு ஒருமுறை சர்வீசுக்குக் கொடுங்கள். சிலர் துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டித் தந்துவிடுவார்கள். திறந்து பார்த்தார்களா, பவுடரை எடை போட்டார்களா, அட்டையில் தேதி எழுதினார்களா என்று கேளுங்கள். ஐஎஸ் 2190 விதிப்படி பவுடர் சிலிண்டருக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறையும், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறையும் தண்ணீர் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். அதன் தேதியையும் பாருங்கள்.

10. ரீஃபிலுக்குக் கொடுக்கும் முன், பழைய பவுடரை வீணாக்காதீர்கள். திறந்தவெளியில், காற்று முதுகுப்பக்கம் வீச நின்று, பின்னை இழுத்து அழுத்தச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் பழக்குங்கள். சின்ன சிலிண்டர் சில நொடிகளிலேயே தீர்ந்துவிடும். தீ அதற்குள் அடங்காவிட்டால், வெளியே வந்து 101-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவையுங்கள்.