ஆலோசகர் அறையில் என்ன நடக்கிறது?

மாணவர்களே, “ஆலோசக ஆசிரியர் உன்னைக் கூப்பிடுகிறார்” என்றதும் வகுப்பே திரும்பிப் பார்க்கும். “என்ன தப்பு செய்தாய்?” என்று கேட்பார்கள். அது கட்டொழுங்கு ஆசிரியரின் அறை அல்ல. அங்கு நடப்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறிவோம்.

திரிங்காப்பில் வசிக்கும் ஒரு படிவம் 4 மாணவனைக் கற்பனை செய்யுங்கள். அப்பா நோயுற்று வேலைக்குப் போகவில்லை. பள்ளியை விட்டுக் காய்கறித் தோட்ட வேலைக்குப் போகலாமா என்று குழம்புகிறான்.

1. நம்பிக்கை: பேசுவது இரகசியமாக இருக்கும் என்று ஆலோசகர் முதலில் கூறுவார். அதன் எல்லையையும் சொல்வார். அவன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், உதவக்கூடியவர்களிடம் தெரிவிக்க வேண்டிவரும்.

2. ஆராய்தல்: “படிப்பு பிடிக்கவில்லையா?” என்றால் ஆம், இல்லை என்பதோடு பேச்சு முடியும். “வீட்டில் நிலைமை எப்படி?” என்பது திறந்த வினா. மாணவன் பேசியபின், “படிக்க ஆசை; அம்மா தனியாகச் சுமப்பதையும் பார்க்க முடியவில்லை, அப்படித்தானே?” என்று ஆலோசகர் திருப்பிச் சொல்வார். இது பிரதிபலித்தல். சிக்கல் படிப்பில் இல்லை, வருமானத்தில்தான் என்பது மாணவனுக்கே புலப்படும்.

3. வழி தேடுதல்: அப்பா சொக்சோ சந்தா செலுத்தியவரா? சமூகநல இலாகாவின் உதவி கிடைக்குமா? விடுமுறையில் மட்டும் வேலை செய்யலாமா? ஒவ்வொன்றின் நன்மை தீமைகளையும் இருவரும் எடைபோடுவர். முடிவெடுப்பவன் மாணவனே.

4. தொடர்தல்: சில நாள் கழித்துச் சந்தித்து, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்ப்பர்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ், 1942இல் வெளியிட்ட நூலில், உதவி நாடி வருபவரை ‘நோயாளி’ என்னாமல் ‘நாடுநர்’ என்ற பொருள்தரும் சொல்லால் குறித்தார். பிறர் நிலையை உணர்தல், உண்மையாக இருத்தல், நிபந்தனையின்றி மதித்தல் ஆகிய மூன்றும் ஆலோசகருக்கு வேண்டும் என்றார். மலேசியாவில் ஆலோசகர் தொழிலை 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம் நெறிப்படுத்துகிறது.

‘ஆலோசித்தல்’ என்றால் சிந்தித்தல். ஆலோசகர் உங்களுக்காகச் சிந்திப்பவர் அல்லர்; உங்களோடு சேர்ந்து சிந்திப்பவர். மனத்தில் பாரம் இருந்தால், அழைப்பு வரும்வரை காத்திருக்காமல் நீங்களே கதவைத் தட்டலாம். பள்ளி மூடியிருக்கும் வேளையில் 15999 தாலியான் காசே எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.