ஆடு தொடாத இலை

சென்ற மாதக் கூட்டத்தில் ஓர் அன்பர், "நம் ஊராக இருந்தால் இருமலுக்கு ஆடாதோடைக் கஷாயம் வைக்கலாம். நாகபுரியில் அதற்கு எங்கே போவது?" என்று குறைப்பட்டுக்கொண்டார். அவர் குடியிருக்கும் காலனிச் சுவரோரம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்பது அதுதான்! மராத்தியில் அடுள்சா, இந்தியில் அடூசா, வங்காளியில் பாசக். பெயர் மாறியதால் நம்மவர்கள் அதை அடையாளம் காணவில்லை.

இலை மாவிலையைப் போல நீண்டிருக்கும், ஆனால் மென்மையானது. கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். கசக்கினால் ஒருவித நெடி. பூ வெள்ளை, கீழிதழில் ஊதாக் கோடுகள். பூ வாய் திறந்த சிங்கம் போல் இருப்பதால் வடமொழியில் 'சிம்ஹாஸ்யம்' என்றும் ஒரு பெயர் உண்டு. கசப்பினால் ஆடுகூடத் தொடாது என்பதே தமிழ்ப் பெயரின் பொருள் என்பார்கள். லின்னேயஸ் 1753-ல் இதற்கு இட்ட தாவரவியல் பெயரிலும் 'அதடோடா' என்று நம் பக்கத்துச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆயுர்வேதத்தில் இது 'வாசா'. இருமல், இரைப்பு, சளியில் இரத்தம் வருதல் ஆகியவற்றுக்குச் சொல்லப்பட்ட மூலிகை. வாசாரிஷ்டம், வாசாவலேகம் இரண்டும் இதைக் கொண்டே செய்யப்படுகின்றன. சித்த மருத்துவத்தில் ஆடாதோடை மணப்பாகு. இலையில் உள்ள முக்கியப் பொருளான வாசிசினை 1888-ல் ஹூப்பர் என்பவர் பிரித்தெடுத்தார். அதை முன்மாதிரியாகக் கொண்டு உருவான மருந்துதான் ப்ரோம்ஹெக்சின். 1963-ல் விற்பனைக்கு வந்தது. இன்று டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் அம்ப்ராக்சால் அதன் வழி வந்தது. கெட்டியான சளியை இளக்கி வெளியேற்றுவதே இவற்றின் வேலை.

வீட்டு முறை எளிது. முற்றிய இலை இரண்டு மூன்றைக் கழுவி, நறுக்கி, இரண்டு டம்ளர் நீரில் நான்கு மிளகு தட்டிப் போட்டு, அரை டம்ளராக வற்றக் காய்ச்சி வடிகட்டவும். ஆறியபின் தேன் சேர்த்துப் பெரியவர்கள் காலை, மாலை பாதிப் பாதியாக இரண்டு மூன்று நாள் குடிக்கலாம். அளவு மீறினால் குமட்டும். கைக்குழந்தைகளுக்கு வேண்டாம். கர்ப்பிணிகள் தொடவே கூடாது; வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். மாமியார்மார்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்கவேண்டும்.

இனி, நான் செய்த தவறு ஒன்று. 1994-ல் இட்டார்சிப் பக்கம் பாதைப் பராமரிப்பில் இருந்தேன். எங்கள் கேங்மேன் ஒருவருக்கு ஓயாத இருமல். பாதையோரத்துச் செடியைக் காட்டி, கஷாயம் வைக்கும் முறையையும் நானே சொல்லிக் கொடுத்தேன். சளி இளகியது, மார்பு லேசானது என்றார். எனக்குப் பெருமை. இரண்டு மாதம் அப்படியே ஓடிற்று. மாலையில் காய்ச்சல் வருவதையும், சட்டை தொளதொளத்துப் போவதையும் இருவருமே பொருட்படுத்தவில்லை. கடைசியில் சளியில் இரத்தம் கண்டது. காசநோய்! பல மாதம் மருந்து சாப்பிட்டுப் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குள் அவருடைய சிறு பெண்ணுக்கும் தொற்றிவிட்டிருந்தது. அவளும் குணமானாள் என்றாலும், அந்தக் குழந்தை மாத்திரை விழுங்க அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

செடியின் மேல் குற்றமில்லை. அது சளியை இளக்கியது. கிருமியைக் கொல்லும் பொறுப்பை அதன்மேல் போட்டது நான். தண்டவாளத்தில் விரிசல் இருக்கும்போது சத்தம் குறைய எண்ணெய் விட்ட கதை. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதனையும் காசநோய் மருந்தும் இலவசம். இரத்தம் கண்டால் இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம், அன்றே போகவேண்டும்.

செடி வளர்க்க விரும்புவோர் மழை தொடங்கியதும் ஒரு சாண் குச்சியைச் சாய்வாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்குமாறு நடவும். உரம், வேலி ஒன்றும் வேண்டாம். என் வீட்டு வாசலில் நிறைய இருக்கிறது, வந்து ஒடித்துக்கொள்ளலாம்.